நட்சத்திரம் கட்டும் கையில் எழுதுகோல்
கிறிஸ்துமஸ் காலத்திற்குச் சில எழுத்து விளையாட்டுகள்

டிசம்பர்த் திங்கள் வந்துவிட்டால் ஜார்ஜ்டவுன் நகரின் கடைவீதிகளில் வாழ்த்து அட்டைகளும் வண்ணக் காகிதங்களும் தோரணங்களாகத் தொங்கத் தொடங்கிவிடும். தோட்டங்களிலோ லயத்து வாசலில் மூங்கிற் சிம்பு சீவி நட்சத்திரம் கட்டுவார்கள். முறுக்கும் அதிரசமும் சுடும் மணம் பக்கத்து வீட்டுக்கும் போகும். பண்டிகை கிறிஸ்தவர் வீட்டில் என்றாலும் பலகாரத் தட்டு மாரியம்மன் படம் மாட்டிய வீட்டு வாசலையும் தாண்டி உள்ளே செல்லும். இவை யாவும் நம் கையால் நாமே செய்பவை. வாழ்த்துச் சொல்லை மட்டும் நாம் கடையில் வாங்குகிறோம். அல்லது யாரோ அனுப்பிய வாழ்த்தைக் கைத்தொலைபேசியில் பெற்று, அப்படியே இன்னொருவருக்குத் தள்ளிவிடுகிறோம். நட்சத்திரம் கட்டத் தெரிந்த கைக்கு நான்கு வரி எழுத வராதா?

“எனக்கு எழுத வராது” என்பது தோட்டங்களில் அடிக்கடி கேட்கும் சொல். ஐந்தாறு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களும் இதனைக் கூறுகின்றனர். அதன் விளைவு பண்டிகை வாழ்த்தோடு நிற்பதில்லை. மருத்துவச் சான்றிதழோடு ஒரு விளக்கக் கடிதம் கொடுக்க வேண்டும் என்றாலும், குடிநீர்க் குழாய் பழுதானது குறித்து நிர்வாகத்திற்கு ஒரு மனு எழுத வேண்டும் என்றாலும், கிராணியையோ அடுத்த லயத்துப் பிள்ளையையோ தேடிப்போக வேண்டியிருக்கிறது. உண்மையில் இவர்களுக்கு எழுத வராமல் இல்லை, எழுத அஞ்சுகிறார்கள். பிழை திருத்தும் சிவப்பு மையைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த அச்சம் அது. அதனைப் போக்க விளையாட்டைவிட நல்ல மருந்தை யாம் அறியோம். விளையாட்டுக்கு ஒரு விதி உண்டு. விதியைக் காப்பதில் மனம் ஈடுபட்டுவிட்டால் அச்சம் தானே விலகிவிடும்.

இவ்வாறு எழுதப் பயிற்றுவது நம் நாட்டிற்குப் புதிதும் அன்று. 1924-இல் தொடங்கி 2019-இல் நின்றுபோன ‘தமிழ் நேசன்’ நாளிதழ், 1950-ஆம் ஆண்டில் ‘கதை வகுப்பு’ என்றொரு பகுதியைத் தொடங்கியது. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் அதனை நடத்தினர். கதை எழுதுவது எப்படி என்பதைப் பத்திரிகை வாயிலாகவே பாடமாகச் சொல்லி, வாசகர்களை எழுதவைத்தார்கள். பள்ளிக் கட்டடமும் கரும்பலகையும் இல்லாத அந்த வகுப்பிலிருந்து மலாயாத் தமிழ்ச் சிறுகதைக்குப் பலர் வந்து சேர்ந்தனர். நாம் இங்கே கூறப்போவன அவ்வளவு பெரியவை அல்ல. பெரட்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டு நிரைக்குப் போய், பால் நிறுத்து, வீடு திரும்பிய பின் கிடைக்கும் மாலைப் பொழுதில், குடும்பத்தோடு உட்கார்ந்து விளையாடத்தக்கவை.

இதழ் ஒட்டாமல் ஒரு வாழ்த்து

முதலில் ஒரு வேடிக்கை. ‘ப’, ‘ம’, ‘வ’ ஆகிய மூன்று எழுத்துகளும் அவற்றின் இனமும் வராமல் கிறிஸ்துமஸ் பற்றி ஐந்து வாக்கியங்கள் எழுத வேண்டும். ‘ப’வும் ‘ம’வும் சொல்லும்போது இரண்டு உதடுகளும் ஒட்டுகின்றன. ‘வ’ சொல்லும்போது மேற்பல் கீழுதட்டைத் தொடுகிறது. இவ்வாறு உதடு தொடாமல் பாடுவதை நம் முன்னோர் ‘நிரோட்டம்’ என்றும் ‘இதழகல்’ என்றும் வழங்கினர். சித்திரக்கவி வகைகளுள் அதுவும் ஒன்று. முறையான நிரோட்டத்தில் உதடு குவியும் உகர, ஒகர எழுத்துகளும் கூடா. நாம் அவ்வளவு கடுமை காட்ட வேண்டியதில்லை. திருக்குறளின் 341-ஆம் குறளை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். உதடுகள் ஒருமுறையும் ஒட்டமாட்டா.

எழுத உட்கார்ந்தவுடனே சங்கடம் தொடங்கிவிடும். ‘கிறிஸ்துமஸ்’ என்ற சொல்லுக்கே இடமில்லை. மரியாளும் பெத்லகேமும் போயினர். அம்மாவும் அப்பாவும் போனார்கள். மெழுகுவர்த்தி, முறுக்கு, பலகாரம் எல்லாம் போயின. ரப்பரும் பாலும் மரமும்கூடப் போய்விட்டன! என்ன மிஞ்சியது என்று பிள்ளைகள் திகைப்பார்கள். சற்றுப் பொறுத்திருங்கள். அம்மா போன இடத்தில் ‘தாய்’ வந்து நிற்பாள். அப்பா போன இடத்தில் ‘தந்தை’ வருவார். கீழே உள்ளதைப் பாருங்கள்:

“தந்தை ஒரு காகித நட்சத்திரத்தைச் செய்தார். அக்காள் அதற்கு நூல் கட்டினாள். தங்கை ஏணியில் ஏறி நின்றாள். தாய் கீழே நின்று சிரித்தாள். ஏசு குழந்தையை ஆட்டிடையர் கண்ட கதையைத் தாத்தா எடுத்துரைத்தார்.”

இவ்விளையாட்டில் இலக்கணமும் ஒளிந்திருக்கிறது. ‘அதிரசம்’ என்று எழுதினால் இறுதி மெய்யில் இதழ் ஒட்டிவிடும். ஆட்டத்திலிருந்து விலக வேண்டியதுதான். ஆனால் ‘அதிரசத்தை’ என்று எழுதினால் தப்பித்துக்கொள்ளலாம். ‘தோட்டம்’ ஆகாது, ‘தோட்டத்தில்’ ஆகும். மகரமெய் மறைந்து ‘அத்து’ச் சாரியை தோன்றுவதைப் பள்ளியில் ஒரு மணி நேரம் விளக்கியும் மனத்தில் ஏறாத பிள்ளை, அதிரசத்தைக் காப்பாற்றும் பொருட்டு ஒரு நொடியில் அதைக் கண்டுகொள்ளும்.

அடுத்தவர் விட்ட சொல்லில் தொடங்குதல்

அந்தாதி என்பதை நாம் அறிவோம். அந்தம் என்றால் முடிவு. ஆதி என்றால் தொடக்கம். ஒரு பாட்டின் முடிவே அடுத்த பாட்டின் தொடக்கமாக அமைவது. காரைக்கால் அம்மையார் காலந்தொட்டுத் தமிழில் அது வழங்கிவருகிறது. பாட்டில் வழங்கிய இதனை நாம் உரைநடைக்கு இழுத்துக்கொள்ளலாம். ஐந்தாறு பேர் வட்டமாக அமர்ந்து, ஒரே தாளில் ஆளுக்கு ஒரு வாக்கியம் எழுதுக. முன்னவர் எந்தச் சொல்லில் முடித்தாரோ, அந்தச் சொல்லிலேயே அடுத்தவர் தொடங்க வேண்டும். எழுத்துக் கூட்டத் தெரியாத பெரியவர்கள் வாயால் சொல்ல, பிள்ளைகள் எழுதிக்கொள்ளலாம். எடுத்துக்காட்டாக நாமே ஒன்று கட்டிப் பார்ப்போம்:

“நேற்று எங்கள் லயத்திற்கு ஒரு நட்சத்திரம் வந்தது.
வந்தது வானத்திலிருந்து அன்று; மூங்கிலால் செய்தது.
செய்தது எங்கள் மாமா. காகிதம் வாங்கித் தந்தவர் எதிர்வீட்டுப் பாட்டி.
பாட்டி கோயிலுக்குப் போகிறவர்; ஆனாலும் அந்த விளக்கை அணைக்க அவருக்கு மனம் வரவில்லை.
வரவில்லை, பட்டணத்துக்கு வேலைக்குப் போன சித்தப்பா மட்டும்.
மட்டும் என்ன, அவர் போன வருடம் வாங்கித் தந்த சட்டையைத் தம்பி போட்டுக்கொண்டான் நேற்று.”

முதற்சொல்லாகிய ‘நேற்று’ இறுதியில் மீண்டும் வந்து மாலை கட்டப்பட்டதைக் கவனியுங்கள். இதற்கு மண்டலித்தல் என்று பெயர். இன்னொன்றையும் கவனியுங்கள். சித்தப்பாவைப் பற்றி எழுத வேண்டும் என்று யாரும் திட்டமிடவில்லை. ‘வரவில்லை’ என்ற சொல் அடுத்தவர் கையில் விழுந்தபோது, வீட்டில் வராத ஆள் யார் என்ற நினைவு எழுந்தது. எழுத்தில் விதி செய்யும் உதவி இத்தகையதே. நாம் சொல்லத் தயங்கியதை அது வெளியே இழுத்துவிடுகிறது.

குறத்தி நம் தோட்டத்திற்கு வந்தால்

குறவஞ்சி நாடகத்தைத் தோட்டத்து முதியோர் பலரும் அறிந்திருப்பர். தலைவனை எண்ணி ஏங்கும் தலைவி முன் குறத்தி வருவாள். தன் மலையின் வளத்தைப் பாடுவாள். பிறகு தலைவியின் கையைப் பார்த்துக் குறி சொல்லுவாள். திரிகூடராசப்பக் கவிராயரின் திருக்குற்றாலக் குறவஞ்சி இவற்றுள் பெரும்புகழ் பெற்றது. அவ்வடிவத்தை அப்படியே எடுத்துக் கிறிஸ்துவின் பிறப்பூருக்குத் திருப்பிவிட்டவர் ஒருவர் உண்டு. அவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். 1774-இல் திருநெல்வேலியில் பிறந்து, சுவார்ட்ஸ் ஐயரிடம் கல்வி கற்று, 1864 வரை வாழ்ந்தவர். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜியும் அதே சுவார்ட்ஸ் ஐயரின் அரவணைப்பில் வளர்ந்தவர்தான். சாஸ்திரியார் இயற்றிய ‘பெத்லகேம் குறவஞ்சி’யில் தலைவியாக நிற்பது திருச்சபை, தலைவன் பெத்லகேம் நாதன். குற்றால மலையின் அருவியையும் குரங்கையும் பாடும் இடத்தில், உலகின் நிலப்பரப்புகளையும், கோள்கள் சூரியனைச் சுற்றிவரும் புதிய வானநூல் செய்தியையும் அவர் கொண்டுவந்து வைத்தார்! பக்திப் பாடல் என்றால் விளையாட்டுக்கு இடமில்லை என்று எண்ணுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும். பழைய விளையாட்டின் விதியை ஏற்று, உள்ளே வைக்கும் பொருளை மாற்றுவதே அவர் செய்தது. நாமும் அதையே செய்வோம்.

கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள் மாலை, மழை விட்ட நேரம், ஒரு குறத்தி உங்கள் தோட்டத்திற்குள் வருகிறாள் என்று கொள்க. அவள் முதலில் வளம் பாட வேண்டும். மலைக்கும் அருவிக்கும் பதில் உங்கள் தோட்டத்தில் என்ன இருக்கிறதோ அதனைப் பாடட்டும்: நிரை நிரையாக நிற்கும் பால்மரம், மரத்தில் கவிழ்த்து வைத்த மங்கு, வெட்டுப் பட்டையில் உறைந்த ஒட்டுப்பால், மழைபெய்தால் அன்றைய கூலி கரையும் கணக்கு. பொய்யாகப் புகழ வேண்டாம். பிறகு அவள் ஒருவர் கையைப் பிடித்துக் குறி பார்க்கட்டும். உளி பிடித்துக் காய்ப்பேறிய உள்ளங்கையில் ரேகை எது, தழும்பு எது? அந்தக் கை இதுவரை என்ன செய்தது என்று நான்கு வரி. வருகின்ற ஆண்டில் என்ன செய்யும் என்று நான்கு வரி. அவ்வளவே.

இப்பயிற்சியில் மகள் தாயின் கையைப் பார்த்து எழுதுவது சிறப்பு. பலமுறை பிடித்த கையாயினும், எழுதுவதற்காகப் பார்க்கும்போதுதான் அதனை முழுமையாகப் பார்க்கிறோம்.

மங்கிலிருந்து பலூன் வரை

தமிழ்ப்பள்ளியில் ‘தன்கதை’ எழுதாத பிள்ளை இல்லை. “நான் ஒரு பேனா” என்று தொடங்கும், கடையில் விற்கப்படும், ஒரு மாணவனிடம் போய்ச் சேரும், ஈற்றில் குப்பைத்தொட்டியில் விழுந்து கண்ணீர் வடிக்கும். ஆயிரக்கணக்கான பேனாக்களும் குடைகளும் காலணிகளும் இப்படிக் குப்பைத்தொட்டியில் அழுதிருக்கின்றன. ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கான யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டுவிட்டது. அந்த வாய்பாட்டை மட்டும் நாம் ஏன் இன்னும் சுமக்க வேண்டும்?

கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கும் பலூன் ஒன்று தன்கதை சொல்லட்டும். அதன் கதையைப் பால்வெட்டுத் தொழிலாளியைவிட நன்றாகச் சொல்லத்தக்கவர் யார்? வெயில் ஏறுமுன் பட்டையைச் சீவினால்தான் பால் நன்றாக ஓடும் என்பதும், மழையில் நனைந்த பட்டையில் வெட்டக்கூடாது என்பதும் அவர் அறிந்தவை. மங்கில் சொட்டிய பாலில் ரப்பர் ஏறக்குறைய 30 விழுக்காடுதான். மீதி பெரும்பாலும் நீர். உறையாமல் காக்க அதில் அம்மோனியா சேர்க்கிறார்கள். தொழிற்சாலையில் மிக வேகமாகச் சுழலும் பொறியில் இட்டு நீரைப் பிரித்து, ரப்பரை 60 விழுக்காடு அளவுக்குத் திரட்டுகிறார்கள். பிறகு பலூன் வடிவ அச்சுகளை அந்தப் பாலில் முக்கி எடுத்து, உலர்த்தி, சூடேற்றி உரித்து எடுக்கிறார்கள். காண்டா வாளியில் தோளேறிச் சென்ற பால், வண்ணம் பூசிக்கொண்டு நட்சத்திரத்தின் பக்கத்தில் வந்து தொங்குகிறது. சீவிய கையை அது அடையாளம் கண்டுகொள்ளுமா? கண்டால் என்ன சொல்லும்? அந்த இடத்தில்தான் கதை தொடங்குகிறது. குப்பைத்தொட்டிக்கு மட்டும் போக வேண்டாம்.

பெயருக்குள் ஒரு கதை

இது சிறிய பயிற்சி. பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். நம் தோட்டங்களில் சூசை, சவரிமுத்து, இராயப்பன், சின்னப்பன், அருளப்பன் என்ற பெயர்களைக் கேட்டிருக்கிறோம். யோசேப்பு, சவேரியார், பேதுரு, பவுல், யோவான் என்னும் பெயர்கள் தமிழ் உடை உடுத்தி வந்தவை இவை. இத்தாலியில் 1680-இல் பிறந்து தமிழகம் வந்த வீரமாமுனிவர், யோசேப்பைத் தலைவராக வைத்து 3,615 பாடல்களில் ‘தேம்பாவணி’ பாடினார். அக்காப்பியத்தில் யோசேப்புக்கு அவர் இட்ட பெயர் வளன். யோசேப்பு என்ற எபிரேயச் சொல்லில் பெருகுதல் என்னும் பொருள் உண்டு. வளம் பெருகுபவன் வளன் ஆனான். உங்கள் வீட்டில் உள்ளவர் பெயர் எதுவாயினும் (முனியாண்டி ஆகட்டும், மேரி ஆகட்டும்) அது யார் இட்ட பெயர், ஏன் இட்டார் என்று விசாரித்து ஐந்து வரி எழுதுக. தெரியாதபோது வீட்டுப் பெரியவரைக் கேட்க வேண்டியிருக்கும். கேட்கவைப்பதே இதன் நோக்கம்.

கடல் தாண்டும் தூது

இறுதியாகக் கடிதம். தமிழில் தூது என்று ஓர் இலக்கிய வகை உண்டு. கிளி, அன்னம், மேகம், வண்டு எனப் பலவற்றையும் தூது விடுவர். தமிழையே தூதாக அனுப்பிய ‘தமிழ்விடு தூது’ம் உண்டு. தூது பாடுவதற்கு ஒழுங்கு இருக்கிறது. தூது செல்வதை முதலில் புகழ வேண்டும். போகும் வழியைச் சொல்ல வேண்டும். உரியவரை எங்கே எப்போது காணலாம் என்று குறிப்பிட வேண்டும். செய்தியைச் சொல்ல வேண்டும். ஈற்றில் அவரிடமிருந்து ஓர் அடையாளமாக மாலையை வாங்கிவரப் பணிக்க வேண்டும்.

செபராங் பிறையில் உள்ள ஒரு தோட்டத்துத் தாயை நினைத்துக்கொள்ளுங்கள். மகள் தீவில், ஜார்ஜ்டவுன் கடை ஒன்றில் வேலை பார்க்கிறாள். பண்டிகைக் காலத்தில் கடையில் கூட்டம். விடுப்புக் கிடைக்குமோ கிடைக்காதோ. தாய் யாரைத் தூது விடுவாள்? 1985-இல் முதற்பாலம் திறக்கப்படும் வரை பெருநிலத்திலிருந்து தீவுக்கு வாகனங்கள் பெர்ரியில் ஏறித்தான் கடக்க வேண்டும். 2014-இல் இரண்டாம் பாலமும் வந்துவிட்டது. ஆயினும் தூது விடுவதற்குப் பெர்ரியே பொருத்தம் என்பது எம் கருத்து. பாலம் நின்ற இடத்தில் நிற்கும். பெர்ரி போகும், திரும்பியும் வரும். வழி சொல்லுவது எளிது: “பட்டர்வொர்த் துறையில் புறப்படு. அக்கரையில் இறங்கினால் மணிக்கூண்டு தெரியும். விக்டோரியா மகாராணியின் அறுபதாம் ஆட்சியாண்டை எண்ணி 60 அடி உயரத்தில் எழுப்பியது. அதையும் கடந்து போ. 1818-இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் ஆலயத்தின் வெள்ளைத் தூண்களைப் பார்த்து நின்றுவிடாதே. பினாங்கு சாலைக்கு வா. தமிழர் கூடும் புனித சவேரியார் ஆலயத்தில் நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வெளியே வருவாள். நீலச் சேலை உடுத்தியிருப்பாள்.”

செய்தி எதுவென்பதை நாம் எழுதிக் காட்டமாட்டோம். அதனை ஒவ்வொரு வீடும் தானே அறியும். ஒன்று மட்டும் கூறலாம். “நலம், நலமறிய ஆவல்” என்று தொடங்கும் வழக்கமான கடிதத்தில் நுழைய முடியாத பல செய்திகள் தூதில் நுழைந்துவிடும்; ஏனெனில் நாம் நேரே மகளிடம் பேசவில்லை, படகிடம் பேசுகிறோம். கோபத்தையும் ஏக்கத்தையும் படகிடம் சொல்வது எளிது. அடையாள மாலைக்குப் பதிலாக என்ன வாங்கிவரச் சொல்லுவது என்பதையும் எழுதுவோரே தீர்மானிக்கட்டும்.

எழுதியபின்

எழுதிய தாள்களைப் பெரியவர்கள் உடனே திருத்த முற்பட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். முதலில் வாய்விட்டுப் படிக்கச் செய்யுங்கள். லகர, ளகர, ழகரப் பிழைகள் படிக்கும்போதே பாதி தெரிந்துவிடும். மீதியை மறுநாள் பார்க்கலாம். ஒன்றை மட்டும் திருத்தவே கூடாது. பிள்ளைகள் ‘மங்கு’ என்று எழுதியதைக் ‘கிண்ணம்’ என்றும், ‘பெரட்டு’ என்று எழுதியதைப் ‘பெயர்ப்பதிவு’ என்றும் மாற்றிவிடாதீர்கள். செபராங் பிறையில் ஒரு காலத்தில் பால்மரம் நின்ற நிலங்கள் பலவற்றில் இன்று எண்ணெய்ப்பனையும் தொழிற்சாலைகளும் வீடமைப்புப் பகுதிகளும் நிற்கின்றன. மரத்தோடு அந்தச் சொற்களும் போய்க்கொண்டிருக்கின்றன. அகராதியில் அவற்றைத் தேடிக் காண்பது அரிது. உங்கள் பிள்ளையின் தாளில் அவை இருக்கட்டும்.

தாள்களைச் சேர்த்து ஒரு கையெழுத்து ஏடாகத் தைப்பதற்கு ஊசியும் நூலும் போதும். அட்டையில் தோட்டத்தின் பெயரையும் ஆண்டையும் எழுதுக. கிறிஸ்துமஸ் நாளன்று பலகாரத் தட்டு எந்தெந்த வீட்டுக்குப் போகிறதோ, அந்தந்த வீட்டுக்கெல்லாம் ஏடும் உடன் போகட்டும். போகிற வீட்டில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் கேட்கலாம். ஏட்டின் கடைசியில் நான்கு பக்கங்களை வெற்றாக விட்டுவைக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு முதியவர் தட்டை வாங்கிக்கொண்டு, தம் இளமையில் தோட்டத்தில் கண்ட ஒரு பண்டிகையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால், ஏடு கொண்டுபோன பிள்ளை அங்கேயே அமர்ந்து அவர் சொன்னபடியே எழுதிக்கொள்ள வேண்டும். கீழே முதலில் சொன்னவர் பெயர்; அதன்பின் எழுதியவர் பெயர்.